நெற்றி விளக்கு வாங்கப் போகிறீர்களா?

தலையில் விளக்கு வைத்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிய வழக்கமன்று. கல்யாண ஊர்வலம் என்றால் நாதஸ்வரக்காரருக்கு முன்னும் பின்னும் காஸ் லைட்டைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் வரிசையாக நடந்து வந்த காலம் ஒன்று உண்டு. ஆனால் அந்த விளக்கு யாருக்கு வெளிச்சம் கொடுத்தது? மாப்பிள்ளையின் ஜரிகை ஜொலிப்பதற்கும், வேடிக்கை பார்ப்போர் அதைக் கண்டு பெருமூச்சு விடுவதற்குமே அது பயன்பட்டது. சுமந்தவனுக்குக் கிடைத்தது கழுத்து வலியும், உச்சந்தலைச் சூடும், சொற்பக் கூலியுந்தான்.

இப்போது கடைகளுக்கு வந்திருக்கும் தலை விளக்கு வேறு ஜாதி. வார்ப்பட்டையினால் நெற்றியில் மாட்டிக்கொண்டால், முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே வெளிச்சமும் திரும்புகிறது. கடைக்காரர் அதை 'ஹெட் லைட்' என்கிறார். நாம் நெற்றி விளக்கு என்று சொல்லுவோம். சுமக்கிறவருக்கே இது வெளிச்சம் தருகிறது. அதைவிட முக்கியமானது, அவருடைய இரண்டு கைகளுக்கும் இது விடுதலை அளிக்கிறது. கைவேலை செய்து பிழைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறென்ன வேண்டும்?

ஆயினும் இதை விளையாட்டுச் சாமான் வாங்குவது போல் வாங்கிவிட்டு, மூன்று மாதத்தில் பரண் மீது எறிந்துவிடுகிறவர்களே அதிகம். உளியும் ரம்பமும் வாங்கும்போது காட்டுகிற ஜாக்கிரதையை இதற்கும் காட்ட வேண்டும். அதற்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை, நெற்றி விளக்குக்குக் கடினமான பரீட்சை வைக்கக்கூடிய ஒரு பிரதேசத்தை முன்னிட்டு ஆராய்வோம்.

பாலாற்றங்கரைத் தொழில்

காட்பாடியிலிருந்து ஜோலார்ப்பேட்டைக்கு ரயிலில் செல்லுகிறவர்கள் ஆம்பூர் வந்ததும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள். அவ்வூர்ப் பிரியாணியின் கீர்த்தி அப்படி. ஆனால் அங்கே வீடுதோறும் அடுப்பு எரியக் காரணமாயிருப்பது தோல். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தோலையே நம்பி வளர்ந்தவை. 2019-இல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. ஜில்லா பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை.

முற்காலத்தில் ஆவாரம் பட்டையை ஊற வைத்த குழிகளில் தோல் பதனிட்டார்கள். பிற்காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பும், ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மரப் பீப்பாய்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 'டிரம்' என்று தொழிலாளர்கள் அழைக்கும் இந்தப் பீப்பாய்களின் உள்ளே எப்பொழுதும் இருட்டு. உட்புறத்து முளை ஒன்று ஒடிந்தாலோ, கதவின் ரப்பர் கசிந்தாலோ, பிட்டர் உள்ளே தலையை நீட்டியாக வேண்டும். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் போல்ட்டு என்றால் டார்ச் லைட்டை எங்கே பிடிப்பது? பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களும் உண்டு.

பீப்பாய் மட்டுமல்ல. வேலூர்ப் பிரஜைகள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, பாலாற்றில் கழிவு நீர் கலப்பதைக் கண்டித்துப் பிரசித்தி பெற்றது. கழிவு நீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளும் பம்புகளும் குழாய்களும் இன்று இத்தொழிலின் இன்றியமையாத அங்கம். அவற்றைப் பழுது பார்ப்பதற்கு வேளை கிடையாது. நடு ராத்திரியிலும் ஆள் போக வேண்டும். இனி, தோல் பூட்ஸாகும் கட்டத்திலே, ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எத்தனையோ பெண்கள் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் வெளிச்சம் வேண்டும், கையும் வேண்டும்.

சுரங்கத்திலிருந்து வந்த விருந்தாளி

நெற்றி விளக்கின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம். அது பிறந்த இடம் சுரங்கம். ஆம்பூருக்கு மேற்கே, மலையேறினால் அதிக தூரமில்லாத கோலார் தங்க வயலுக்கு நம் வடாற்காட்டிலிருந்து போய் உழைத்த குடும்பங்கள் அநேகம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய அந்தச் சுரங்கங்கள் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றன; 2001-இல் மூடப்பட்டன. பூமிக்குள் இருட்டில் இரண்டு கையாலும் பாறையை உடைக்கிறவனுக்குத் தலையே விளக்குத் தண்டு.

உலகத்துச் சுரங்கங்களில் முதலில் தொப்பியில் மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் செருகிக்கொண்டார்கள். பிறகு கார்பைடு கல்லில் நீர் சொட்டி உண்டாகும் வாயுவை எரித்தார்கள். 1914-இல் அமெரிக்காவில் ஜான் ரயன், ஜார்ஜ் டைக் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் சுரங்கப் பாதுகாப்புக் கருவிகளுக்கென்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, தாமஸ் எடிஸனின் ஒத்துழைப்பைப் பெற்று, மின்சாரத் தொப்பி விளக்கை வெளிக்கொணர்ந்தார்கள். இடுப்பு வாரில் பாட்டரி. அதிலிருந்து தலைக்கு ஒரு கம்பி. வேலை முடிந்ததும் திரும்பவும் மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். நம் நெற்றி விளக்குக்கு இதுவே பாட்டன்.

இடுப்பிலிருந்த பாட்டரி தலைக்கு ஏற இரண்டு கண்டுபிடிப்புகள் வேண்டியிருந்தன. நீல ஒளி தரும் எல்.இ.டி. ஒன்று, அதனால்தான் வெள்ளொளி சாத்தியமாயிற்று. அதற்காக அகஸாகி, அமானோ, நகமுரா என்ற மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மற்றொன்று, 1991-இல் ஜப்பானிய ஸோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்த லிதியம் அயான் பாட்டரி. அதற்கு அடிகோலிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகியோருக்கு 2019-இல் அதே பரிசு கிடைத்தது. ஆக, நம் பிட்டர் நெற்றியில் மாட்டிக்கொள்வது இரண்டு நோபல் பரிசு!

லூமன் என்னும் மயக்கம்

இவ்வளவு பெருமை வாய்ந்த சாமான் கடையில் எப்படி விற்கப்படுகிறது? வியாபாரம் அநேகமாக இப்படி நடக்கும்:

"பாய், இது எவ்வளவு வெளிச்சம் வரும்?"

"பத்தாயிரம் லூமன், அண்ணே! அடிச்சா அந்த மலை தெரியும்."

மலையைப் பார்க்க வேண்டிய அவசியம் பிட்டருக்கு இல்லை. அவர் பார்க்க வேண்டியது ஒன்றரை அடி தூரத்திலுள்ள போல்ட்டு. லூமன் என்பது விளக்கிலிருந்து புறப்படும் மொத்த வெளிச்சத்தின் அளவு. வேலை செய்யும் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்துக்கு லக்ஸ் என்று பெயர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். நமக்கு வேண்டியது லக்ஸ் கணக்குத்தான்.

வேலை ஸ்தலங்களின் வெளிச்சத்துக்கு ஐரோப்பியர் வகுத்துள்ள விதிகளில் தோல் தொழிலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குழி, பீப்பாய் அருகே 200 லக்ஸ்; சதை நீக்கும் இடத்தில் 300; பூட்ஸ் தைக்கும் இடத்தில் 500; தரம் பார்க்கும் இடத்தில் 1,000. இப்போது நம் விளக்கைக் கணக்கிடுவோம். 100 லூமன் தரும் சாதாரண நெற்றி விளக்கின் ஒளி, கைக்கெட்டும் தூரத்தில் அரை மீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக விழுகிறது என்று கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே கிடைப்பது 500 லக்ஸ். பூட்ஸ் தைக்கவே அது போதும்! கைவேலைக்கு 100 முதல் 200 லூமன் வரை தாராளம். எட்ட நின்று பீப்பாயின் மறுகோடியைப் பார்ப்பதற்கு 300 இருந்தால் நலம். அதற்கு மேல் செலவழிக்கும் பணம், பாட்டரியைச் சீக்கிரம் காலி செய்வதற்கும், எதிரே நிற்பவர் கண்ணைக் கூசச் செய்வதற்குமே உதவும்.

லூமனைக் காட்டிலும் ஒளி விழும் விதமே முக்கியம். ஈட்டி போல் குவிந்து பாயும் ஒளி தூரப் பார்வைக்கு ஏற்றது. அருகிலே அது நடுவில் கண் கூசும் புள்ளியையும் சுற்றிலும் இருட்டையும் உண்டாக்கும். கைவேலைக்கு விசிறி போல் பரவும் ஒளி வேண்டும். கடையிலேயே கையை நீட்டி, உள்ளங்கையில் வெளிச்சம் ஒரே சீராக விழுகிறதா என்று பாருங்கள். பத்தாயிரம் லூமன் விளம்பரத்தை விட உங்கள் உள்ளங்கை உண்மை பேசும்.

எத்தனை மணி நேரம் எரியும் என்ற விளம்பரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கை விளக்குகளைச் சோதிக்க அமெரிக்காவில் 2009-இல் ஏற்பட்ட முறைப்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையில் விளக்கு "எரிவதாக"வே கணக்கு. முப்பது மணி நேரம் என்று போட்டிருந்தால், அதில் பின்பாதி மின்மினி வெளிச்சமாக இருக்கலாம். நல்ல விளக்கு, வெளிச்சம் படிப்படியாக மங்காமல் சீராக எரிந்து, முடியும் தறுவாயில் முன்கூட்டி எச்சரிக்கை காட்டும்.

பாட்டரியின் யோக்கியதை

நெற்றி விளக்கு சாவது பெரும்பாலும் பாட்டரியால்தான். மலிவான விளக்குகள் சிலவற்றில் இன்னும் ஈயப் பாட்டரி வைக்கிறார்கள். அது கனம், தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு உயிர் பெறாது. லிதியம் பாட்டரியே மேல். அதிலும் சாதாரணமாகக் கிடைப்பது 18650 என்ற எண்ணுடைய உருளை. அந்த எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. 18 மில்லி மீட்டர் குறுக்களவு, 65 மில்லி மீட்டர் நீளம் என்பதே பொருள்.

இந்த அளவுள்ள உருளையில் உலகத்தின் தலைசிறந்த தொழிற்சாலைகளே ஏறக்குறைய 3,500 மில்லி ஆம்பியர் மணி வரையில்தான் அடைக்க முடிந்திருக்கிறது. ஆகவே, அதே உருளையின் மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால், படி அரிசி பிடிக்கும் பாத்திரத்தில் மூன்று படி அளந்தேன் என்று சொல்லும் வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். 3,000 என்று யோக்கியமாகப் போட்ட பாட்டரி 3.6 வோல்ட்டில் சுமார் 10.8 வாட் மணி சக்தி தரும். 100 லூமன் ஒளிக்கு ஏறத்தாழ ஒரு வாட் செலவாகும். நடுவில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு ஷிப்டு முழுவதும் எரியும். இந்தச் சிறு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் எடை போட்டுவிடலாம்.

அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது: பாட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா? லிதியம் அயான் பாட்டரி முந்நூறு, ஐந்நூறு தடவை முழுக்கத் தீர்ந்து ஏறிய பிறகு பலம் குறைந்துவிடும். பாட்டரியை உள்ளே வைத்து ஒட்டிவிட்ட விளக்கென்றால், அதோடு விளக்கின் ஆயுளும் முடிந்தது. திருகு மூடியைத் திறந்து மாற்றத்தக்க விளக்கோ, பாட்டரி மாற மாற வருஷக்கணக்கில் உழைக்கும். நம் ஊர்க் கடைத் தெருவில், நம் ஊர் ரிப்பேர்க்காரர் திறந்து சரி செய்யக்கூடிய சாமானே நமக்குச் சொந்தமான சாமான். மற்றதெல்லாம் வாடகைக்கு எடுத்தது போலத்தான். மாற்றுப் பாட்டரி வாங்கும்போது ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

300 ரூபாய் விளக்கு ஆறு மாதம் உழைத்தால் மாதம் 50 ரூபாய் ஆகிறது. 1,500 ரூபாய் விளக்கு ஐந்து வருஷம் உழைத்தால் மாதம் 25 ரூபாய். இடையில் இரண்டு பாட்டரி மாற்றினாலும் நஷ்டமில்லை. ஆனால் மொத்தமாக 1,500 ரூபாய் கையில் இல்லாதவர் மாதம் 50 ரூபாய் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஏழைக்கு எல்லாமே கிராக்கியாக முடிவதன் ரகசியம் இதுதான். வேலைக்கு அமர்த்துகிறவரே நல்ல விளக்காக வாங்கிக் கொடுத்துவிட்டால் இந்த அநியாயம் ஒழியும்.

தண்ணீரும் உப்பும்

விளக்கின் பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துக்களும் பின்னால் இரண்டு இலக்கங்களும் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 67 என்றால் தூசி புகாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் கெடாது. முதல் இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் தூசிப் பரீட்சையே நடக்கவில்லை என்று அர்த்தம். தோலை உரைத்து மெருகேற்றும் இடத்தில் மாவு போல் தூசி பறக்குமாதலால் இது கவனிக்கத்தக்கது.

ஆனால் அந்தப் பரீட்சை நல்ல தண்ணீரில் நடப்பது. தோல் தொழிற்சாலையிலோ உப்பும், சுண்ணாம்பும், அமிலமும், ஸல்பைடும் கலந்த நீர் தெறிக்கிறது. காற்றிலுள்ள ஸல்பைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். எல்.இ.டி.யின் உள்ளே ஒளியைத் திருப்பும் வெள்ளிப் பூச்சுக்கூடச் சில வகைகளில் இதனால் கறுத்து வெளிச்சம் குன்றிவிடும். மின்சாரம் ஏற்றும் துவாரமே கோட்டையின் பலவீனமான வாசல். அதன் ரப்பர் மூடி தளர்ந்திருந்தால் அந்த விளக்கை வாங்க வேண்டாம். காந்தத்தால் ஒட்டி மின்சாரம் ஏற்றும் வகை சௌகரியமானதுதான். ஆனால் வெளியே தெரியும் அதன் உலோக முனைகளை உப்பு நீர் அரித்துவிடும். எந்த விளக்கானாலும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பின்பே மின்சாரம் ஏற்ற வேண்டும்.

பட்டையையும் அலட்சியம் செய்யலாகாது. வேர்வை ஊறும் நம் சீமையில், கழற்றித் துவைக்க முடியாத பட்டை பத்து நாளில் நாறும். பட்டையின் நுனி தொங்காமல் செருகியிருக்க வேண்டும். ஓடும் யந்திரத்தின் பக்கத்தில் தொங்குகிற எதுவும் யமன் வீசும் கயிறு. முன்புறம் கனம் அதிகமானால் மாலையில் கழுத்து புகார் சொல்லும். பாட்டரி பின்புறமும் விளக்கு முன்புறமும் இருந்தால் தராசுத் தட்டுப் போல் சமமாயிருக்கும்.

நிறமும் நிழலும்

நெற்றி விளக்கு எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. தோலைத் தரம் பிரிப்பவர்கள் மேலே உள்ள கீறலையும், உண்ணி கடித்த வடுவையும் அவற்றின் நிழலைக் கொண்டே கண்டுபிடிக்கிறார்கள். நெற்றி விளக்கோ கண்ணுக்கு மிக அருகிலிருந்து ஒளியைப் பாய்ச்சுவதால் நிழல்கள் பொருளுக்குப் பின்னே மறைந்து, கீறல் இல்லாதது போல் தோன்றும். பளபளப்பான தோலென்றால் ஒளி நேரே கண்ணுக்கே திரும்பி வரும். இந்த வேலைக்குப் பக்கவாட்டு வெளிச்சமோ, வடக்கு ஜன்னலோதான் நல்லது.

நிறம் பார்க்கும் வேலைக்கும் அப்படியே. நிறத்தை உள்ளபடி காட்டும் தன்மைக்குச் சூரிய ஒளியை 100 என்று வைத்து ஓர் அளவு உண்டு. முற்கூறிய ஐரோப்பிய விதி, நிறச் சோதனைக்கு அது 90 இருக்க வேண்டும் என்கிறது. மலிவான, நீலம் பாய்ந்த வெள்ளொளியில் இந்த எண்ணிக்கை கிட்டாது. பழுப்புத் தோலும் கருஞ்சிவப்புத் தோலும் அதில் உடன்பிறந்தவர்களாகிவிடும்.

மற்றோர் அபாயமும் இருக்கிறது. சில விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக நம் கண்ணுக்குத் தெரியாதபடி அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் வேகமாகச் சுழலும் கத்தி உருளை நின்றிருப்பது போலத் தோன்றக்கூடும். கையை வைத்தால் விரல் போயிற்று! பரீட்சை எளிது: விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, எதிரே ஒரு பென்ஸிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே கலங்கலாகத் தெரிந்தால் நல்லது. பல பென்ஸில்கள் தனித்தனியே வரிசையாகத் தெரிந்தால், அந்த விளக்கை யந்திரத்தின் அருகே கொண்டு போகாதீர்கள்.

வீட்டுத் திண்ணையில்

பூட்ஸின் மேற்பாகத்தைத் தொழிற்சாலையார் 'அப்பர்' என்கிறார்கள். வெட்டித் தயாரான துண்டுகள் கிராமத்துக்கு மூட்டையாக வருகின்றன. பெண்கள் ஊசியும் நூலும் கொண்டு இழுத்துத் தைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். கூலி ஜோடிக் கணக்கில். சமையலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் முடிந்த பிறகுதான் ஊசியை எடுக்க முடியுமாதலால், மாலை மங்கிய பிறகும் வேலை நடக்கிறது. அந்த ஜோடிகளில் பல கடல் கடந்து, சீமைக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் பிரகாசமான வெளிச்சத்தில் வீற்றிருக்கின்றன. தைத்த இடத்தில் வெளிச்சம் எப்படியிருந்தது என்று யார் கேட்கிறார்கள்?

இவர்களுக்கு நெற்றி விளக்கு பேருதவி. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அறை விளக்கை அணைத்துவிட்டு நெற்றி விளக்கை மட்டும் நம்பலாகாது. கையில் வெளிச்சமும் சுற்றிலும் இருட்டுமாக இருந்தால், நிமிரும்போதெல்லாம் கண் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டு களைத்துப் போகும். இரண்டாவது, வயது ஏற ஏற வெளிச்சமும் ஏற வேண்டும். இருபது வயதுக் கண்ணின் உட்திரையை எட்டும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணில் எட்டுகிறது. அத்தையும் மருமகளும் ஒரே விளக்கில் தைத்தால் அத்தைக்கு அது போதாது. மூன்றாவது, நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கு விளக்கு மருந்தாகாது. ஊசிக் காது தெரியவில்லையென்றால் முதலில் வாங்க வேண்டியது மூக்குக் கண்ணாடி. விளக்கு அதற்குப் பின்னால்.

மே மாதத்து வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் விளக்கை ஜன்னலோரத்திலோ, தகரக் கூரைக்கு அடியிலோ வைத்து மின்சாரம் ஏற்றாதீர்கள். சாயங்காலம் குளிர்ந்த பிறகு ஏற்றலாம். பல நாள் உபயோகிக்காமல் வைப்பதானால் பாதி ஏற்றி வைப்பதே பாட்டரிக்கு நல்லது. உப்பிப் போன பாட்டரியைக் குப்பையில் எறிந்தால் தீப்பிடிக்கக் கூடும். 2022-இல் ஏற்பட்ட பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது; விற்ற கடையிலேயே கேளுங்கள்.

அணையாத விளக்கின் அபாயம்

இவ்வளவு லட்சணமும் பொருந்திய விளக்கை வாங்கிவிட்டோம். ஆயினும் அதை அணிந்துகொண்டு போகக் கூடாத இடம் ஒன்று உண்டு. அதுதான் கழிவுத் தொட்டியும் மூடிய குழியும்.

நம் கிராமங்களில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பெரியோர் வழக்கம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டார். பழைய விளக்கு மனிதனைப் போலவே காற்றைச் சுவாசித்தது. அதனால் வெளிச்சம் கொடுத்ததோடு எச்சரிக்கையும் கொடுத்தது. எல்.இ.டி.க்குக் காற்று வேண்டாம். நச்சு வாயு நிறைந்த குழியிலும் அது சிரித்துக்கொண்டே எரியும். அணிந்தவர் சாய்ந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும்.

தோல் தொழிற்சாலைக் குழியில் எதிரியின் பெயர் ஹைட்ரஜன் ஸல்பைடு. மயிர் நீக்கப் பயன்படும் ஸோடியம் ஸல்பைடு கலந்த நீருடன் அமிலம் சேர்ந்தால் இவ்வாயு கிளம்பும். தேங்கிய கழிவில் கிருமிகளாலும் உண்டாகும். காற்றை விடக் கனமானதாகையால் அடியில் படிந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, தெரியாமலா போகும் என்று நினைக்க வேண்டாம். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு இருந்தாலே மூக்கின் உணர்ச்சி மரத்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டதென்று மனிதன் ஏமாறுகிறான். 1,000 பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே பிரக்ஞை தப்பும். இந்தச் சொற்ப அளவில் பழைய எண்ணெய் விளக்குக்கூட அணையாது. ஆகையால் பாட்டன் காலத்துப் பரீட்சையும் இங்கே உதவாது. வாயு அளக்கும் கருவி ஒன்றே உதவும். பிராண வாயு 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலும், நச்சு வாயுவோ எரியும் வாயுவோ இருந்தாலும் அது கூவி எச்சரிக்கும்.

இன்னொன்று: கழிவுச் சேற்றில் மீத்தேன் வாயு உண்டாகும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை அது இருந்தால் சிறு பொறியே வெடிக்கப் போதும். வர்ணம் தெளிக்கும் அறையிலும், பூட்ஸ் ஒட்டும் பசை காயும் இடத்திலும் எரியும் ஆவி நிற்கும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் இதைப் பற்றி இரண்டு விதிகள் இடம் பெற்றிருந்தன. மூடிய தொட்டிக்குள் தக்க பாதுகாப்பின்றி 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கை விளக்கு கூடாது என்பது ஒன்று; எரியும் வாயு இருக்கக்கூடிய இடத்தில் தீ வெளிப்படாத அமைப்புள்ள விளக்கைத் தவிர வேறு கூடாது என்பது மற்றொன்று. நம் நெற்றி விளக்கு 3.7 வோல்ட்டுதான். முதல் விதியில் அது தேறிவிடும், இரண்டாவதில் தேறாது. அதற்கென்றே பொறி எழாதபடி செய்து, பரீட்சித்து, அத்தாட்சி கொடுத்த விளக்குகள் இருக்கின்றன. அவற்றின் மேல் 'எக்ஸ்' குறி பொறித்திருக்கும். இந்தியாவில் அவற்றுக்கு அனுமதி தருவது நாகபுரியில் தலைமை அலுவலகம் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு இலாகா. ஐ.பி. 67 என்பதை இந்த அத்தாட்சியென்று மயங்கிவிடக் கூடாது. அது தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது. இது நெருப்பு வெளியே வராமல் காப்பது.

குழிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைக் காக்கத் தாவிய இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். சாக்கடையில் இறங்கி உயிர் துறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டுமென்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இறங்காமலே பம்பு வைத்து வேலையை முடிப்பதற்கும், காற்று ஊதும் விசிறிக்கும், வாயு அளக்கும் கருவிக்கும், இடுப்பில் கட்டி மேலே ஆள் பிடித்திருக்கும் கயிற்றுக்கும் எவ்வளவு செலவானாலும், போன உயிருக்கு ஈடாக எந்தத் தொகையைச் சொல்ல முடியும்?

இதை வாசிக்கும் குடும்பங்களில் தொழிற்சாலை முதலாளிகளும், மானேஜர்களும், சூபர்வைசர்களும், கணக்கர்களும் இருப்பார்கள். வீட்டிலே மோட்டார் ரிப்பேருக்கும் தொட்டி கழுவுவதற்கும் ஆள் கூப்பிடாதவர் யாருமில்லை. அடுத்த முறை ஒருவரை இருட்டுக்குள் அனுப்பும்போது, அவர் பல்லில் டார்ச் லைட்டைக் கடித்துக்கொள்ளும்படி விடாதீர்கள். மாற்றத்தக்க பாட்டரியும், இறுகிய மூடியும், பரந்த சீரான ஒளியுமுள்ள நெற்றி விளக்கு ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுங்கள். ஆனால் அது மூடிய குழியென்றால், விளக்கை எடுப்பதற்கு முன்னால் காற்றை அளந்தாயிற்றா என்று கேளுங்கள். அளக்கவில்லை என்று பதில் வந்தால், அன்றைக்கு அந்த வேலை நடக்க வேண்டாம்.